பூட்டிய சீட் பெல்ட் தானாகக் கழன்றால் யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

கேள்வி: நான் கோவையில் அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2022-ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய காரை நானே ஓட்டுகிறேன். இதுவரை சுமார் 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அண்மையில் இரண்டு முறை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் சீட் பெல்ட் பக்கிளிலிருந்து தானாகக் கழன்றுவிட்டது. இரண்டு முறையும் 'கிளிக்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை எடுத்தேன். சர்வீஸ் சென்டரில் முதல் முறை ஏதோ ஸ்பிரே அடித்து "சரியாகிவிட்டது" என்று அனுப்பினார்கள். மறுபடி போனபோது, வாரண்டி முடிந்துவிட்டதால் புது பக்கிளுக்கு நாங்கள்தான் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். பின் இருக்கையில் என் மாமியார் உட்காரும் பக்கத்து பெல்ட்டும் பல நேரங்களில் இழுத்தால் வருவதில்லை. பீப் சத்தத்தை நிறுத்த என் கணவர் ஆன்லைனில் ஒரு கிளிப் வாங்கிச் சில வாரங்கள் பெல்ட்டுக்குப் பதிலாகப் பக்கிளில் செருகி வைத்திருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை ஓட்டலாமா? இலவசமாக மாற்றித் தரும்படி கேட்க எனக்கு உரிமை உண்டா? யாரிடம் புகார் செய்வது?

பதில் அளிப்பவர்: மோட்டார் வாகனப் பொறியாளரும் காப்பீட்டுச் சேத மதிப்பீட்டாளருமான நமது ஆலோசகர்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லிவிடலாம். அந்த பக்கிள் மாற்றப்படும் வரை நீங்களோ உங்கள் கணவரோ அந்த வண்டியை ஓட்டக் கூடாது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும், வண்டியை ஏற்றிச் செல்ல அவர்களையே வாகனம் அனுப்பச் சொல்லுங்கள். ஏர்பேக் இருக்கிறதே என்ற தைரியம் பலருக்கு உண்டு. ஆனால் ஏர்பேக் என்பது, பெல்ட் போட்டு அமர்ந்திருக்கும் உடலைக் கணக்கில் வைத்து, பெல்ட்டுக்குத் துணையாக அமைக்கப்பட்ட சாதனம். மோதலின்போது பெல்ட் உடலை இருக்கையோடு பிடித்து வைத்திருக்கும் சொற்ப நேரத்தில்தான் பை விரிந்து முடிகிறது. பெல்ட் இல்லாத உடல் அதற்குள் ஸ்டியரிங்கை நெருங்கிவிடுவதால், விரிந்து முடிந்த பையின்மீது சாய்வதற்குப் பதிலாக, இன்னும் வேகமாக விரிந்துகொண்டிருக்கும் பையோடு மோதுகிறது. அந்த அடியும் சாதாரணமானதல்ல.

சட்டப்படியும் இதில் உங்களுக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, பெல்ட் அணியாமல் ஓட்டுபவருக்கும், பெல்ட் அணியாத பயணியை ஏற்றிச் செல்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. பெல்ட் பழுதாகிவிட்டது என்பது அந்தப் பிரிவில் விலக்காகச் சொல்லப்படவில்லை.

இனி, நேர்ந்தது உண்மையில் பழுதுதானா, உங்கள் கவனக்குறைவா என்ற ஐயத்துக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் உங்களிடம் நேராகச் சொல்லாவிட்டாலும் உள்ளூர அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பக்கிளுக்குள் இருப்பது எளிய அமைப்பு. பெல்ட்டின் உலோக நாக்கு உள்ளே நுழையும்போது ஒரு கொக்கி விழுந்து அதன் துளையைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகுகிறது. அடியிலிருக்கும் ஒரு ஸ்பிரிங் நாக்கை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளும் ஸ்பிரிங் வெறும் வசதிக்காக வைக்கப்பட்டதல்ல. நாக்கு பாதி மட்டும் நுழைந்து, பூட்டாமல், பூட்டியதுபோல் தோற்றம் தந்துகொண்டு நிற்கக் கூடாது என்பது பக்கிள் வடிவமைப்பின் அடிப்படை நிபந்தனை. சீட் பெல்ட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15140. அது பின்பற்றும் ஐரோப்பிய விதி, பக்கிள் பாதி மூடிய நிலையில் நிற்க வாய்ப்பே இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஒன்று, முழுமையாகப் பூட்ட வேண்டும். இல்லையேல் நாக்கை வெளியே தள்ளிவிட வேண்டும். ஆகவே உங்கள் பக்கிள் சத்தம் கொடுத்து, நாக்கைப் பிடித்து வைத்திருந்து, பிறகு வேகத்தடையிலோ குழியிலோ விட்டுவிட்டது என்றால், நீங்கள் சரியாகப் போடவில்லை என்ற விளக்கம் அதற்குப் பொருந்தாது. சரியாகப் போடாத பெல்ட்டை அப்போதே துப்பிவிடுவதுதான் பக்கிளின் கடமை.

ஒரே ஒரு மாற்று விளக்கத்தை மட்டும் நீங்களே சோதித்து விலக்கிவிடுங்கள். இருக்கைகளுக்கு இடையில் வைக்கும் கைப்பை, பிறகு வாங்கிப் பொருத்திய ஆர்ம்ரெஸ்ட், தடித்த சீட் கவரின் ஓரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உடல் அசையும்போது சிவப்புப் பொத்தானை அழுத்துகிறதா என்று, வண்டி நிற்கும்போது பெல்ட் போட்டுக்கொண்டு பாருங்கள். அப்படி இருந்தால் குற்றம் பக்கிளுடையது அல்ல. இல்லையென்றால் பக்கிளுடையதுதான்.

இன்னொரு தடயத்தையும் நினைவுக்குக் கொண்டுவர முயலுங்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் பெல்ட் நினைவூட்டி கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் அது இருக்கிறது. கிளிக் சத்தத்துக்குப் பிறகு டேஷ்போர்டில் சிவப்பு பெல்ட் விளக்கு அணைந்ததா? கழன்ற நொடியில் மறுபடி எரிந்து பீப் ஒலித்ததா? அணைந்து, பிறகு எரிந்திருந்தால், பூட்டிய பக்கிள் பூட்டை இழந்திருக்கிறது என்று கொள்ள ஓரளவு இடமுண்டு. கடைசிவரை அணையவேயில்லை என்றால் தொடக்கத்திலேயே பொய்யாகப் பூட்டியிருக்கிறது. இரண்டுமே பழுதுதான். ஆனால் காரணம் வேறு என்பதால் ஆய்வு செய்பவருக்கு இந்தத் தகவல் மிகவும் பயன்படும்.

பக்கிள் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதற்கு உலகறிந்த முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்துகொடுத்த பக்கிள்களுக்காக, பல கார் நிறுவனங்களின் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பின்னாளில் ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுவதும் பெயர் கெட்டுப்போன அதே டகாட்டாதான். அந்தச் சிவப்புப் பொத்தானின் பிளாஸ்டிக் வெயிலில் நாள்பட்டு நொறுங்கி, அதன் துணுக்குகள் உள்ளே விழுந்து, சில பக்கிள்கள் பூட்டாமலும், சில பூட்டியபின் திறக்காமலும், சில பூட்டியதுபோல் ஏமாற்றிவிட்டுக் கழன்றும் போயின. கார் உரிமையாளர்கள் பிஸ்கட் துணுக்கையும் குளிர்பானத்தையும் உள்ளே கொட்டியிருப்பார்கள் என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. அந்தக் காரணமும் முற்றிலும் பொய்யல்ல. சில்லறைக் காசு, மணல், குழந்தைகளின் மிட்டாய் எல்லாம் பக்கிளுக்குள் போகத்தான் செய்யும். ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளே விழக்கூடிய பொருள்களைத் தாங்கி வேலை செய்யும்படி பக்கிளை அமைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. பிஸ்கட் தின்னாத குடும்பத்துக்கு மட்டும் விற்கிறோம் என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஸ்பிரே அடித்து அனுப்பியதை நான் சிகிச்சையாகவே கருதவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள எந்தத் திரவமும் சில நாள்களுக்கு அசைவை இலகுவாக்கும். பிறகு அதே பசை தூசியை இழுத்துப் பிடித்து, முன்பிருந்ததைவிட மோசமாக்கும். சுத்தம் செய்வதென்றால் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம். அதற்குமேல் பக்கிளைத் திறந்து பழுதுபார்க்க முயலவே கூடாது. அது பழுதுபார்க்கும் பாகம் அல்ல, மாற்றும் பாகம். சில வண்டிகளில் மோதலின்போது பெல்ட்டை நொடியில் இறுக்கும் பிரீடென்ஷனர், வெடிமருந்துடன், பக்கிளின் அடியிலேயே இருக்கும். ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லலாமா என்ற யோசனை வந்தால் அதை அப்போதே விட்டுவிடுங்கள்.

கிளிப் பற்றி நீங்களே முன்வந்து சொன்னது நல்லது, ஏனென்றால் உங்கள் புகாரில் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளப் போவது அதைத்தான். அந்தக் கிளிப்புகள் எந்தத் தரநிலைக்கும் உட்படாமல் தகட்டில் வெட்டி விற்கப்படுபவை. பருமன் கூடுதலாக இருந்தால் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் நிரந்தர அழுத்தத்தில் வைத்திருக்கும். முலாம் உரிந்தால் உள்ளே உதிரும். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட ஐந்து விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவிட்டு, இத்தகைய கிளிப் விற்பனைப் பதிவுகள் 13,118-ஐ நீக்கச் செய்தது. விற்பவர்மீதே நடவடிக்கை எடுக்கப்பட்ட பொருள் அது. உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிளிப்பைச் செருகியது பக்கிள் முதன்முறை கழன்றதற்கு முன்பா பின்பா என்பதை இருவரும் உட்கார்ந்து சரியாக நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். பின்பு என்றால் அது உங்களுக்குச் சாதகமான உண்மை. ஆன்லைனில் வாங்கிய ரசீதில் தேதி இருக்கும். முன்பு என்றாலும் மறைக்காதீர்கள். சில வாரங்கள் கிளிப் இருந்ததனால் மட்டுமே பக்கிள் கெட்டது என்று காட்டும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேரும். நீங்கள் மறைத்து, பக்கிளின் உள்ளே கீறல் அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டால், உங்கள் மற்ற சொற்களும் மதிப்பிழந்துவிடும்.

பின் இருக்கை பெல்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும், அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பெல்ட்டைச் சுருட்டி வைத்திருக்கும் ரிட்ராக்டருக்குள் இரண்டு விதமான பூட்டு உண்டு. பட்டையை வெடுக்கென்று இழுத்தால் ஒன்று பூட்டும். வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ வெகுவாகச் சாய்ந்தாலோ மற்றொன்று பூட்டும்; அதற்குள் ஒரு சிறு உலோகக் குண்டோ ஊசலோ இருக்கும். தரநிலைப்படி 12 பாகை வரையிலான சாய்வில் அது பூட்டக் கூடாது. 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும். ஆகவே அடித்தளப் பார்க்கிங்கின் சரிவில் வண்டி நிற்கும்போதோ, குன்னூர் மலைப்பாதையின் வளைவில் வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதோ பெல்ட் வர மறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். வயதானவர்கள் தோளுக்குப் பின்னால் கையை நீட்ட முடியாமல், எட்டிய இடத்தில் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பது வழக்கம், அதிலும் பூட்டிவிடும். பட்டையை முழுவதுமாக உள்ளே போகவிட்டு, நிதானமாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் பட்டையைக் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டால், குழந்தை இருக்கையைக் கட்டுவதற்கான முறைக்கு ரிட்ராக்டர் மாறிவிடும். அதன்பின் உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. முழுக்க உள்ளே விட்டால் பழையபடி ஆகும். வண்டியின் கையேட்டில் இது குறிப்பிடப்பட்டிருக்கும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, மெதுவாக இழுத்தும் வரவில்லை என்றால் அது பழுது. அந்தப் பக்கம் எப்போதாவது இடிபட்டு டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ரிட்ராக்டரைக் கழற்றித் திரும்பப் பொருத்தும்போது கோணம் சற்று மாறினாலும், உள்ளேயுள்ள குண்டு எந்நேரமும் சாய்விலேயே இருப்பதாகக் கொண்டு பூட்டிவிடும். சேதமடைந்து ஒட்டுவேலை செய்யப்பட்ட வண்டிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெல்ட் வருகிறது, ஆனால் திரும்பச் சுருளாமல் தொங்குகிறது என்றால், தோளுக்கு மேலே பட்டை நுழைந்து வரும் வளையத்தில் வியர்வையும் தூசியும் படிந்திருக்கும். இளஞ்சூட்டுச் சோப்பு நீரில் நனைத்த துணியால் வளையத்தையும் பட்டையையும் துடைத்து நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். பிளீச்சிங் திரவமோ பெட்ரோலோ படக் கூடாது, இழைகள் பலமிழந்துவிடும்.

மாமியாருக்கு அந்தப் பெல்ட் தேவையில்லை என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஆற்றுப் பாலத்தின் சுவரில் கார் மோதித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, இறந்த இருவருமே பெல்ட் அணியாமல் பின் இருக்கையில் இருந்தவர்கள். முன் இருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயத்துடன் உயிர் பிழைத்தார்கள். பெல்ட் சரியாகும் வரை மாமியாரைப் பின் இருக்கையின் மறுபக்கம் உட்காரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பக்கிளைவிட அந்த ஸ்பிரேதான். அது அடிக்கப்பட்ட நாளில் உங்கள் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் புகாரையும் வேலையையும் குறிக்கும் தாளில், என்ன எழுதப்பட்டது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'பொதுச் சோதனை' என்றோ, 'பெல்ட் இறுக்கம், சரிசெய்யப்பட்டது' என்றோ இருக்கும்; ஓடும் வண்டியில் கழன்றது என்ற வரி இருக்காது. சர்வீஸ் அட்வைசர் கெட்ட எண்ணத்தில் அப்படி எழுதுவதில்லை. கம்ப்யூட்டரில் அவர் முன் இருக்கும் பட்டியலில் எது நெருக்கமாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார். ஆனால் அந்த வரிதான் நிறுவனத்துக்குப் போகிறது. ஒரே பாகத்தைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான வரி வரும்போதுதான் தயாரிப்பில் குறை இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவருகிறது. உங்கள் புகார் 'பொதுச் சோதனை' என்ற பெயரில் போயிருந்தால், நிறுவனத்தின் கணக்கில் அப்படி ஒன்று நடக்கவேயில்லை. நாளைக்கு வாரண்டி கேட்டாலும், அரசிடம் போனாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், எல்லாரும் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.

ஆகவே அடுத்த முறை வண்டி உள்ளே போகும்போது, வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள்: ஓட்டுநர் சீட் பெல்ட் கிளிக் சத்தத்துடன் பூட்டிய பிறகு, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, பொத்தானை அழுத்தாமலே கழன்றது, இன்ன தேதி, இன்ன இடம், ஏறத்தாழ இன்ன வேகம், இரண்டாம் முறை இன்ன தேதி, முதல் முறைக்குப் பின் ஸ்பிரே அடிக்கப்பட்டது, பயனில்லை. எழுத மறுத்தால் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே நீங்களே எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே அந்தப் படத்துடன் டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். மின்னஞ்சலில் சேஸிஸ் எண் பதினேழு எழுத்தும் இருக்கட்டும். தொலைபேசியில் எத்தனை முறை பேசினாலும் அது எழுத்துக்கு ஈடாகாது.

அதே நாளில், நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வண்டி ஏதேனும் ரீகாலில், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைக்கும் வண்டிகளில், இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டுக்கான ரீகால் நம் நாட்டில் அரிதானது அல்ல. 2022 டிசம்பரில் மாருதி சுசுகி, சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்எல்6, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் 9,125 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன் இருக்கை பெல்ட்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றி இறக்கும் பாகத்தில் குறை, அரிதாக பெல்ட் பிரிந்துவிடக்கூடும் என்பது காரணம். அடுத்த மாதமே, பின் இருக்கை பெல்ட்டைத் தாங்கும் பிராக்கெட் தளர்ந்துவிடக்கூடும் என்று 11,177 கிராண்ட் விட்டாராக்களை அழைத்தார்கள். இவை நிறுவனம் தானாக முன்வந்து செய்தவை. ரீகால் என்றால் வாரண்டி முடிந்ததா என்ற கேள்வியே எழாது; பாகமும் கூலியும் நிறுவனத்துடையவை. ரீகால் கடிதம் வராததால் ரீகால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீடு மாறியவர்களுக்கும் கைபேசி எண் மாற்றியவர்களுக்கும் அந்தக் கடிதம் போய்ச் சேருவதில்லை.

ரீகால் இல்லையென்றாலும் அரசிடம் முறையிட வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பயணிகளுக்கோ சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாஹனில் உரிமையாளர்கள் புகாரைப் பதிவு செய்யத் தனிப் பகுதி உண்டு. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். அந்த மாடலின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டுக் குறிப்பிட்ட அளவைப் புகார்கள் எட்டினால் விசாரணை தொடங்கும் என்பதால், உங்கள் ஒரு புகாருக்கு உடனடி விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பக்கிளை மாற்றித் தருவது அந்தத் தளத்தின் வேலையும் அல்ல. ஆயினும் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கை சேர்ந்தால்தான் அந்தச் சட்டம் அசையும். ஜாப் கார்டில் சரியாக எழுதப்பட்ட புகார்தான் அங்கேயும் எண்ணிக்கையில் சேரும்.

பக்கிளை இலவசமாக மாற்றித் தரச் சொல்லி வாரண்டி ஒப்பந்தத்தின்படி கட்டாயப்படுத்த, வாரண்டிக் காலத்துக்குள் நீங்கள் கொடுத்த புகார் தேவை. பழைய ஜாப் கார்டுகள் அனைத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முன்பே 'பெல்ட்' என்ற ஒரு சொல் எங்காவது இருந்தால் அது பொன். இல்லாவிட்டாலும் 'குட்வில்' என்று நிறுவனங்கள் தம் விருப்பப்படி செலவை ஏற்கும் வழக்கம் ஒன்று உண்டு. வாரண்டி முடிந்து அதிக காலம் ஆகாமலும், எல்லாச் சர்வீஸும் அவர்களிடமே செய்யப்பட்டும் இருந்தால், டீலர் பரிந்துரைத்து நிறுவனத்தின் வட்டாரப் பொறியாளர் ஒப்புதல் கொடுப்பார். டீலரிடம் வாக்குவாதம் செய்வதைவிட, வட்டாரப் பொறியாளர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்பது பலன் தரும். பாதுகாப்புப் பாகம் என்பதால் அவர்கள் எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்கள். வாகனக் காப்பீட்டிலிருந்து எதுவும் கிடைக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருப்பவை.

இவை எதற்கும் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. காருக்குக் கொடுத்த விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை என்றால் 400 ரூபாய். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்ற தனி அத்தியாயம் இருப்பதைக் கேள்விப்பட்டுச் சிலர் அதன்கீழ் பெரிய தொகை கேட்கிறார்கள். குறையுள்ள பொருளால் உடலுக்கோ மற்றச் சொத்துக்கோ தீங்கு நேர்ந்திருந்தால்தான் அது பொருந்தும். பொருள் கெட்டுப்போனது மட்டும் தீங்கு ஆகாது. நல்லவேளையாக உங்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆகவே உங்கள் புகார், பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு என்ற இரண்டின்கீழ் அமைய வேண்டும். காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். பழுது தெரியவந்த நாள் என்று நீங்கள் சொல்வீர்கள். தேதியிட்ட ஜாப் கார்டு இல்லாமல் அதை நிறுவுவது கடினம்.

தொழில்நுட்பம் தெரியாத நான் ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு எதிராக எதை நிரூபிப்பது என்று நீங்கள் தயங்கலாம். ஹூண்டாய் நிறுவனத்துக்கு எதிராக ஒரு கார் உரிமையாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. 2017-இல் நேர்ந்த விபத்தில் முன்பக்கம் பலத்த சேதமடைந்தும் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்ப்பதற்குக் கார் வாங்குபவர் இயற்பியல் வல்லுநர் அல்ல என்ற கருத்தில் நீதிமன்றம் அதை ஏற்காமல் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உங்கள் பக்கிள் வழக்கு அதைவிட எளியது. தேவைப்பட்டால் பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தை நீங்கள் முன்கூட்டிச் செலுத்த நேரலாம்.

ஆனால் ஆய்வுக்கு அனுப்பப் பாகம் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டியாவது பக்கிளை உடனே மாற்றிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. உரிமைக்காக வாதாடிக்கொண்டே பழுதான பக்கிளோடு மூன்று மாதம் ஓட்டுவதில் பொருளில்லை. கட்டிய பணத்தைப் பிறகு கேட்டுப் பெறலாம். பில்லில் பாகத்தின் எண் இருக்க வேண்டும், பாகம் முத்திரை பிரிக்காத உறையில் வர வேண்டும். பழைய பாகச் சந்தையில் கிடைக்கும் பக்கிள் வேண்டாம். அது எந்த விபத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மாற்றிய பின் நாக்கைப் பூட்டி, பத்துப் பன்னிரண்டு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். பெல்ட் விளக்கும் ஏர்பேக் விளக்கும் அணைகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கழற்றிய பழைய பக்கிளை, பழைய பாகங்களை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்ததாகப் பில்லிலேயே எழுதி வாங்கி, உறையில் போட்டுத் தேதியும் சேஸிஸ் எண்ணும் குறித்து வீட்டில் வையுங்கள். பிரீடென்ஷனர் சேர்ந்த பக்கிள் என்று சொல்லிக் கொடுக்க மறுத்தால், வெடிமருந்துள்ள பாகத்தை வீட்டில் வைப்பது முறையல்ல என்பதால் அதை ஒப்புக்கொள்ளலாம். அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். நிறுவனமே ஆய்வுக்குக் கேட்டால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்த பிறகு, ஆய்வறிக்கையின் நகல் தரப்படும் என்ற ஒரு வரியுடன் ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள்.